தேர் நாளுக்கு நாலு டியூப் காற்று

அந்த இரண்டு வருடம் எனக்குத் தங்க ஓர் இடம் கிடைத்ததற்கு ஒரு மீன் தொட்டிதான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றினேன். பிறகு லாரியில் கிளீனர். நாக்பூர் வரை போயிருக்கிறேன். ஒரு ஓட்டுநர் வழியில் இறக்கிவிட்டதில் ஒரு மாதம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுகளில் படுத்து, ஒரு வேளை சாப்பிட்டு, இரண்டு வேளை தண்ணீர் குடித்து இருந்தேன். அது ஒன்றும் பெரிதில்லை, வயிறு பழகிவிடும். பழகாதது, காலையில் எழுந்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருப்பது. அப்படி ஒரு காலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, மேல ரத வீதியில் அண்ணன் குடியிருந்த மாடி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அண்ணன் பட்டாளத்தில் வடக்கே எங்கோ பனியில் இருந்தான். கதவைத் திறந்தது மதினி. கல்யாணத்தன்று பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொழுந்தனாரே, கரண்டு வேல ஏதும் தெரியுமா?" என்றாள்.

"லாரி பேட்டரி கொஞ்சம் தெரியும்."

"அப்பம் உள்ள வாங்க. மீனுக்கு மூச்சு முட்டுது."

அவளுக்குப் பின்னால் கூடத்தில் மூன்றடி நீளத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம். கரண்டு போயிருந்தது. ஜன்னல் வெயில் மட்டும் தொட்டிக்குள் விழுந்திருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கையில் பையோடு அப்படியே நின்று பார்த்தேன். பசி மறந்துபோயிற்று. ஒரு சத்தமும் இல்லை. அத்தனை வாய்கள் கேட்கின்றன, சத்தம் மட்டும் இல்லை.

தொட்டி அண்ணனுடையது. பட்டாளத்தில் ஒரு அதிகாரி வீட்டில் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு, ஒரு லீவில் ராஜபாளையத்தில் கண்ணாடி அறுத்து வாங்கி, இரும்புச் சட்டம் அடித்து அவனே செய்தது. மதுரையிலிருந்து பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மீன்கள். அவற்றில் ஒரு ஜோடி ஏஞ்சல். உள்ளங்கை அகலத்தில் தட்டையாக, உடம்பில் கறுப்புக் கோடுகளோடு, நூல் மாதிரி செட்டை தொங்க, நகராததுபோல் நகரும். மூன்று லீவில் அண்ணன் அந்த ஜோடியைக் குஞ்சு பொரிக்க வைக்கப் பார்த்தான். நடக்கவில்லை.

தொட்டிக்குள் காற்றுக் குமிழி விடுவதற்கு ஒரு சின்ன மோட்டார், சோப்பு டப்பா அளவு, சுவரில் ஆணியில் தொங்கும். நாள் முழுக்க ஒரே சுருதியில் முனகும். கரண்டு நின்றால் முனகல் நிற்கும். ஒரு மணி நேரம் தாங்கும், ஒன்றரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

மதினி அந்த வீட்டில் தனியாக இருப்பதற்கும் அந்த மோட்டாருக்கும் சம்பந்தம் உண்டு. எங்கள் ஊர் கூமாப்பட்டி. அப்பா இல்லை, அம்மா இல்லை. குடும்பத்தில் முடிவெடுப்பது பெரியப்பாதான். கல்யாணமான பெண் புருஷன் ஊரில் இல்லாதபோது டவுனில் தனியாக எதற்கு என்று அவர் கேட்டதற்கு, அண்ணன் சொன்ன பதில் கரண்டு. கூமாப்பட்டியில் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரம் வீட்டுப் பல்பு சிவப்பு நூலாகத்தான் எரியும். மீன் மோட்டார் ஓடாது. டவுன் என்றால் கரண்டு ஒழுங்காக வரும். இதை வைத்துத்தான் பெரியப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தான். மதினிக்கு வேறு காரணம் இருந்தது. காலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். லோயர் முடித்து ஹையர் எழுதப்போகிறாள். அதை யாரும் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. அவள் விரல்கள் சும்மா இருக்கும்போதும் முழங்காலில் எதையாவது அடித்துக்கொண்டே இருக்கும்.

நான் வருவதற்கு முந்தின கோடையில் அவள் வகுப்பில் இருந்த நேரம் கரண்டு போய் ஆறு மீன் செத்துவிட்டது. அண்ணன் கடிதம் எழுதினான். டவுனிலும் இதே கதை என்றால் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்துவிடலாம், நீ பெரியப்பா வீட்டுக்கே போய்விடு என்று. கோபமாக எழுதவில்லை. அதுதான் மதினிக்குப் பயமாக இருந்தது.

கரண்டுக்கு ஒரு வழி செய்து தரச் சொல்லி மதினி என்னை அங்கேயே இருக்கச் சொன்னாள். ராஜபாளையத்தில் ஒரு பேட்டரி கடையில் எனக்கு வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போவேன், சாயங்காலம் திரும்புவேன், மொட்டை மாடியில் படுப்பேன். கடையில் கழித்துப்போட்ட லாரி பேட்டரி ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் கட்டிக்கொடுத்த இன்வெர்ட்டர் பெட்டியோடு சேர்த்துத் தொட்டிக்குக் கீழே வைத்தேன். வழக்கமான கரண்டு வெட்டுக்கு அது போதும். இரண்டு மணி நேரம் ஓட்டும். இன்வெர்ட்டரில் மோட்டாரின் முனகல் வேறு சுருதிக்கு இறங்கும், யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல. மதினி சமையலறையிலிருந்தே, "போயிருச்சா?" என்று கேட்பாள். பல்பைப் பார்த்தல்ல, சத்தத்தைக் கேட்டு.

அந்த ஆனியில் ஏஞ்சல் ஜோடி முட்டையிட்டது. ஓர் இலையில் வரிசையாக, பாசிமணி கோத்தது மாதிரி. பொரித்த பிறகு நடுவில் கண்ணாடி போட்டுக் குஞ்சுகளைப் பிரித்தோம். முதலில் வெறும் கண்கள்தான் தெரிந்தன. தண்ணீருக்குள் நூற்றுக்கணக்கில் கண்கள் மிதந்தன. மதினி அண்ணனுக்கு எழுதினாள். அண்ணன் பெரியப்பாவுக்கு எழுதினான். பெரியப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஆடிப்பூரத் தேருக்கு வருகிறேன், மீனையும் பார்க்கிறேன், சரிப்படாது என்று தோன்றினால் மறுநாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று.

கார்டைப் படித்துவிட்டு மதினி சொன்னாள், "தேரன்னைக்கா வாராவ? தேரன்னைக்கு கரண்டே கெடையாதே."

ரத வீதியில் குடியிருப்பவர்களுக்கு அது தெரியும். தேர் கோபுர உயரம். அது வருவதற்கு முன் வீதிக்குக் குறுக்கே போகும் ஒயர்களை எல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். விடியும்போது போகும் கரண்டு, தேர் சுற்றி வந்து நிலையில் நின்ற பிறகுதான் திரும்பும். அது எப்போது நிற்கும் என்று வடம் பிடிப்பவர்களுக்கே தெரியாது.

பேட்டரிகளை வரிசையாக வைத்து ஓட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கடையில் இருந்த பேட்டரி எல்லாம் திருவிழாவுக்கு மைக்செட்காரர்கள் முன்பே சொல்லி வைத்தவை. தொட்டிக்குக் கீழே இருந்த பழைய பேட்டரியிலும் அந்த வாரம் பார்த்து ஒரு செல் செத்துப்போயிற்று. அப்போதுதான் லாரி ஞாபகம் வந்தது. மோட்டார் செய்வது காற்றைத் தள்ளுவதுதானே, காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்தால் என்ன?

லாரி ஸ்டாண்டில் பஞ்சர் ஒட்டிய பழைய டியூப்கள் நாலு வாங்கினேன். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர் குளுக்கோஸ் ஏற்றும் டியூப்கள் தந்தார். அதில் சொட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன உருளை இருக்கும். லாரி டியூப்பின் வாயில் இந்த டியூப்பைச் சொருகி நூலால் இறுக்கிக் கட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் இருக்கும் குமிழிக் கல்லில் மாட்டினேன். உருளையைக் கொஞ்சம் தளர்த்தினால் சீராகக் குமிழி வந்தது. காற்று குறையக் குறைய வேகம் குறையும். அதற்கு டியூப்பின் மேல் ஒரு பலகை, முதல் ஒரு மணி நேரம் போனதும் பலகைமேல் அம்மிக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒரு டியூப் மூன்று மணி நேரம் வந்தது.

"நாலுக்கு பன்னெண்டு. ஆறு மணிக்கு கரண்டு போனா சாயங்காலம் ஆறு வரைக்கும். தேர் நாலுக்கு நின்னுரும். மிச்சமே வரும் மதினி."

"மிச்சம் வந்தா ஒமக்கு அடச்சு விடுதேன். மாடிப்படி ஏறும்போது எளைக்குதீரு" என்றாள்.

தேரன்று விடியுமுன்பே நாலு டியூப்பும் பலகைகளோடு சுவர் ஓரமாகத் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. கறுப்பாக, ஒட்டுப்போட்ட ரப்பர். விசேஷ நாளில் வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள், பார்க்க நன்றாக இல்லை என்று மதினி ஒரு நல்ல ஜமுக்காளத்தை எடுத்து நாலின் மேலும் சேர்த்து விரித்துவிட்டாள். நானும் சரி என்றேன். தவறு அங்கேதான் நடந்தது. எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. ஒரு ஸ்டூல் இருந்தது, அதன்மேல் குடம்.

ஆறு மணிக்கு மோட்டார் நின்றது. முதல் டியூப்பைத் திறந்தேன். குமிழிகள் எந்தச் சத்தமும் இல்லாமல் ஏறின. மோட்டார் முனகாத அந்த வீட்டில், வீதியில் வந்த கொட்டுச் சத்தமும் வேட்டுச் சத்தமும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தன. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியில் கட்டியிருந்த மாவிலைத் தோரணம் தொட்டிக் கண்ணாடியில் விழுந்து, மீன்கள் அதற்குள் புகுந்து புகுந்து போயின. அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒரு வேலையும் செய்யாமல் முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

ஏழு மணிக்குமுன் பெரியப்பா வந்துவிட்டார். முதல் பஸ்ஸில் வந்து தேரைக் கும்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்கு. நல்ல ஆகிருதி. மாடிப்படி அவருக்கு அதிர்ந்து வழிவிட்டது. கூடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னலே, சோபால்லாம் வாங்கிட்டியளா?" என்று சொல்லிக்கொண்டே முதல் டியூப்பின்மேல் உட்கார்ந்தார்.

தொட்டிக்குள் தண்ணீர் கொதித்தது. அண்டாவில் உலை பொங்குவதுபோல் குமிழிகள் எழுந்தன. ஏஞ்சல் இரண்டும் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டன.

"நல்லா மெத்து மெத்துன்னு இருக்கு" என்றார். பிறகு தொட்டியைப் பார்த்து, "காத்து இம்புட்டு வருது. பொறவு என்ன கொற?"

நான் சமையலறைக்குப் போனேன். மதினி சுவரோடு சுவராக நின்றாள்.

"எந்திரிக்கச் சொல்லுங்க."

"நான் எப்படி மதினி சொல்ல? வந்து உக்காந்த மனுசர."

"ஊரு ஊரா சுத்துனீரே. ஒரு ஆள எழுப்பத் தெரியலையா?"

"நீங்க சொல்லுங்க."

"அவியட்ட நான் இன்னும் வாயத் தொறந்ததில்ல. கால்ல விழுந்ததோட சரி."

அது உண்மை. எங்கள் வீட்டில் மருமகள் மாமனார் முறை உள்ளவரிடம் நேராகப் பேசமாட்டாள். காப்பி வேண்டுமா என்று கேட்பதானாலும் என்னைப் பார்த்துத்தான் கேட்பாள். அவரும் பதிலை எனக்குத்தான் சொல்வார். அதோடு அவர் வந்திருப்பதே இந்த வீடு சரிப்படுமா என்று பார்க்கத்தான். உட்கார்ந்தவரை எழுப்பினால் அதுவே ஒரு காரணமாகிவிடும். நான் உருளையை இறுக்கினேன். அவர் எடைக்கு அது நிற்கவில்லை. அவர் எழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் டியூப் தரையோடு தரையாக ஆயிற்று.

"இது தாந்து போச்சு" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா இரண்டாவதுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது இன்னும் திறக்காதது. உட்கார்ந்ததும் நூல் கட்டு தெறித்து, காற்று ஸ் என்று போனது. நான் குனிந்து விரலால் அடைத்துக்கொண்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. வயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நான் அவர் காலடியில் ஜமுக்காளத்துக்குள் கையை விட்டபடி உம் கொட்டிக்கொண்டிருந்தேன். விரல் மரத்துப்போயிற்று. அவர் முகம் கழுவ எழுந்தபோதுதான் கட்ட முடிந்தது. அதற்குள் பாதி போய்விட்டது. மிச்சத்தைத் தொட்டிக்குத் திறந்துவிட்டேன். அவர் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து அதையும் முடித்தார்.

பத்தரைக்கு வடம் பிடித்துவிட்டார்கள் என்று வீதியில் சத்தம் வந்தது. பெரியப்பா போய் இழுத்துவிட்டு வந்தார். அவர் போயிருந்த நேரத்தில் மூன்றாவதைத் திறந்து, அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்துவிட்டு மூச்சு விட்டோம். அம்மிக்கல் இருந்தால் யார் உட்காருவார்கள்? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், "விசேசத்தன்னைக்கு அம்மிய எதுக்குலே சோபால ஏத்தி வச்சிருக்க?" என்று ஒரே கையால் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, மூன்றாவதிலும் நாலாவதிலுமாகக் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

அப்போதுதான் கீழ்வீட்டுக்காரர் வந்து சொன்னார். தெற்கு ரத வீதி முனையில், மேல ரத வீதிக்குத் திரும்பும் இடத்தில் தேர் நின்றுவிட்டது. முந்தின நாள் மழையில் சக்கரம் பதிந்திருக்கிறது. பலகை போட்டுத் தூக்கப் பார்க்கிறார்கள், எப்போது நகரும் என்று தெரியாது. ஜன்னலில் போய்ப் பார்த்தேன். வீடுகளுக்கு மேலே தேரின் தலை மட்டும் தெரிந்தது. துணிகள் காற்றில் ஆட, ஆகாயத்தில் ஓர் ஊர் வந்து நின்றிருப்பதுபோல். வெயில் மந்தமாக இருந்தது. வீதியில் அத்தனை ஆயிரம் பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு அமைதியாக நின்றார்கள். உள்ளே பெரியப்பா சீராகக் குறட்டை விட்டார். ஒவ்வொரு குறட்டைக்கும் தொட்டியில் குமிழி கூடிக் குறைந்தது. எனக்கும் கண் சொருகியது. இப்படியே எல்லாம் நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

மதினி தொட்டி முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். குஞ்சுகள் மேல்மட்டத்துக்கு வந்து, பொடி தூவியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. சில கீழே போய் அசையாமல் கிடந்தன. குமிழி ஒன்று ஒன்றாகக் குறைந்து வந்தது. மூன்றாவது முடிந்துவிட்டது. நாலாவதில் அவர் கால்கள்.

அவள் எழுந்து அவர் அருகில் போனாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"மாமா. செத்த எந்திரிங்க."

பெரியப்பா கண்ணைத் திறந்தார். யார் கூப்பிட்டது என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்ததும் அவளைப் பார்த்தார்.

"ஏன் தாயி?"

"நீங்க படுத்திருக்கது சோபா இல்ல. மீனுக்கு அடச்சு வச்ச காத்து. காலையில இருந்து மூணு போயிருச்சு. இன்னும் ஒண்ணுதான் இருக்கு. தேரும் வரல."

பெரியப்பா எழுந்தார். ஜமுக்காளத்தைத் தூக்கினார். டியூப், பலகை, குளுக்கோஸ் டியூப், கட்டு, எல்லாவற்றையும் விரலால் தொடர்ந்து தொட்டிக்குள் போகும் இடம்வரை பார்த்தார்.

"ஏலே. நான் இம்புட்டு நேரம் மீனோட மூச்சுலயா உக்காந்திருந்தேன்?"

"ஆமா பெரியப்பா."

"கால்மாட்டுல குனிஞ்சே கெடந்தியே. அப்பம் சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்ல?"

"இந்தா இவ சொன்னா பாரு, அப்படிச் சொல்லணும்" என்றார். பிறகு அவளிடமே, நேராக, "இப்பம் என்ன செய்யணும்?"

மதினி சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். நாலாவதைத் திறந்தால், அவர் கால் பாரத்தில் கட்டு தளர்ந்து அதிலும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. நான் தேர்க்கூட்டத்துக்குள் நுழைந்து, பூட்டியிருந்த சைக்கிள் கடைக்காரரின் வீட்டைத் தேடிப் போய், ஸ்கூட்டருக்கு அடிக்கும் பெரிய கைப்பம்பை வாங்கி வந்தேன். அதற்குள் மதினி ஒரு செம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, குஞ்சுகள் அடிபடாமல் துணியை வைத்து, உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை சோர்ந்தபோது பெரியப்பா செம்பை வாங்கிக்கொண்டார். தோட்டத்தில் பாத்திக்குத் தண்ணீர் திருப்புகிறவர் என்பதால் ஒரு சொட்டு வெளியில் சிந்தவில்லை. நான் காலியான ஒரு டியூப்பின் வாயைப் பிரித்துப் பம்பை மாட்டி அடித்தேன். லாரி டியூப்பைக் கைப்பம்பால் நிரப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இருநூறு தரம் அடித்தாலும் அது சோம்பல் முறிப்பதோடு சரி. பாதி நிரம்பியதும் கட்டி, பலகையை வைத்து, "பெரியப்பா, உக்காருங்க" என்றேன்.

"இப்பம் உக்காரலாமா?" என்று அவர் மதினியைத்தான் கேட்டார்.

"பாதி பாரம் போதும் மாமா. ஒரு கால ஊனிக்கிடுங்க."

ஒரு காலை ஊன்றி, உடம்பைப் பாதி தூக்கி, குமிழியைப் பார்த்தபடியே அந்தப் பெரிய மனிதர் அசையாமல் இருந்தார். கூடியபோது கொஞ்சம் எழுவார், குறைந்தபோது கொஞ்சம் இறங்குவார். நான் அடுத்ததை அடித்தேன். அஞ்சு மணிவாக்கில் வீதி ஒரே குரலாக எழுந்தது. ஜன்னல் முழுவதும் மரமும் துணியும் பொம்மைகளுமாகத் தேர் எங்கள் வீட்டைக் கடந்தது. தொட்டித் தண்ணீர் நடுங்கியது. பெரியப்பா எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து மோட்டார் முனகியது. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாதிக் குஞ்சுக்கு மேல் போய்விட்டது. ஏஞ்சல் இரண்டும் இருந்தன. செத்தவற்றை மதினி ஒரு கரண்டியால் எடுத்தபோது பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். பெரியப்பா பெட்டியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "நான் ஒம் புருசனுக்கு எழுதிக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பெட்டி பத்து நாள் அப்படியே மூலையில் இருந்தது. அவள் அதிலிருந்தே ஒவ்வொரு சேலையாக எடுத்து உடுத்தினாள்.

பதினோராம் நாள் அண்ணன் கடிதம் வந்தது. மதினி எனக்குப் படித்துக் காட்டினாள். பெரியப்பா எழுதியிருக்கிறாராம், டவுனிலும் கரண்டு ஒரு ஒழுங்கில் இல்லை, ஆனால் அந்த மீன்களுக்குக் கரண்டைவிட ஆள்தான் முக்கியம், விவரம் தெரிந்த ஆள் ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தாக வேண்டும், தொட்டியை அசைக்கக் கூடாது, மருமகளையும் அசைக்கக் கூடாது என்று. என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீயாவது விவரமாக எழுது என்று அண்ணன் முடித்திருந்தான்.

மதினி கடிதத்தை மடித்தாள். பெட்டியைத் திறந்து மிச்சச் சேலைகளைக் கொடியில் போட்டாள்.

"அடுத்த தேருக்கு எத்தன டியூப் வேணும் கொழுந்தனாரே?"

"ஆறு இருந்தா நல்லது."

"நாலு போதும்" என்றாள். "ரெண்டு நாற்காலி வாங்குவோம்."